செய்முறைத் தேர்வில் நெட்வொர்க் பிரிண்டர்: முகவரியிலிருந்து தொடங்குங்கள்

ஐ.டி.ஐ.யில் கோபா (கணினி இயக்குநர் மற்றும் நிரலாக்க உதவியாளர்) பிரிவு படித்தபோது செய்முறைத் தேர்வில் எனக்கு வந்த கேள்வி, ஆய்வகத்து லேசர் பிரிண்டரை நெட்வொர்க்கில் இணைத்து, விண்டோஸ் 10 கணினியிலிருந்து சோதனைப் பக்கம் அச்சிட்டுக் காட்ட வேண்டும் என்பது. யுஎஸ்பி கேபிளில் பலமுறை செய்திருந்த துணிச்சலில், நேராக டிரைவரை, அதாவது கணினி பிரிண்டரை இயக்க உதவும் மென்பொருளை, நிறுவத் தொடங்கினேன். 20 நிமிடங்கள் கழிந்தும் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றே காட்டியது. டிரைவரை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவியதில் நேரம்தான் போயிற்று.

புறத்தேர்வாளர் அருகில் வந்து, "பிரிண்டரோட ஐபி என்ன தம்பி?" என்று மட்டும் கேட்டார். நெட்வொர்க்கில் அதன் முகவரியான அந்த எண் எனக்குத் தெரியவில்லை. பிரிண்டரின் மெனுவில் கான்பிகரேஷன் பக்கத்தை அச்சிட்டுப் பார்த்தபோது, அதில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தது. கருவிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காத கருவி தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் எண் அது. ஆய்வகக் கணினிகளோ 192.168.1 என்ற வேறு வரிசையில் இருந்ததால், அவற்றால் பிரிண்டரை எட்ட முடியவில்லை. பின்புறம் லேன் கேபிள் செருகியிருப்பது போலத்தான் தெரிந்தது. ஆனால் கிளிப் விழவில்லை, பக்கத்திலிருக்கும் சிறு விளக்கும் எரியவில்லை. 'டக்' என்ற ஓசை வரும்வரை அழுத்தியதும் விளக்கு எரிந்தது. இதைப் பார்க்க அரை நிமிடம் போதும்.

ஆகவே முதலில் கேபிளையும் விளக்கையும் பார்த்துவிட்டு, கான்பிகரேஷன் பக்கத்தை அச்சிட்டு, ஐபி முகவரியையும், முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று காட்டும் சப்நெட் மாஸ்க்கையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டிஎச்சிபி கொடுக்கும் முகவரி பின்னாளில் மாறக்கூடும். அப்படி மாறினால் கணினி பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும் என்பதால், பிரிண்டருக்கு நிலையான முகவரி கொடுப்பதோ, அதன் மேக் முகவரியை (கருவியிலேயே பதிந்திருக்கும் அடையாள எண்ணை) கொண்டு ரூட்டரில் ஒரு முகவரியை ஒதுக்கி வைப்பதோ நல்லது. நிலையான முகவரி கொடுப்பதானால், டிஎச்சிபி பிறருக்கு வழங்கும் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பிறகு கணினியிலிருந்து பிங் செய்து, அதாவது அந்த முகவரிக்குச் சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வந்தால் மட்டும் டிரைவருக்குச் செல்லுங்கள். பிரிண்டரைச் சேர்க்கும்போது, விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துத் தருவதை ஏற்காமல், ஐபி முகவரி வழியாகச் சேர்க்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுப்பதே என் வழக்கம். அப்போது, எந்தப் போர்ட்டில் (அச்சுப்பணி பிரிண்டருக்குள் நுழையும் எண்ணிட்ட வாயிலில்) இணைந்திருக்கிறது என்று கேட்டால் தயங்காமல் சொல்லலாம். பெரும்பாலான பிரிண்டர்களில் அது டிசிபி 9100.

வைவாவில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். ஷேர் செய்த பிரிண்டருக்கும் நெட்வொர்க் பிரிண்டருக்கும் என்ன வேறுபாடு என்பது முதலாவது: முன்னதற்கு, அது இணைக்கப்பட்ட கணினி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்; பின்னதற்கு அந்தத் தேவை இல்லை. வரிசையில் சிக்கிய அச்சுப்பணி நீக்க முடியாமல் நின்றால் என்ன செய்வீர்கள் என்பது அடுத்தது. அச்சுப்பணிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர் சர்வீஸை நிறுத்தி, சிஸ்டம்32-க்குள் ஸ்பூல் ஃபோல்டரில் உள்ள பிரிண்டர்ஸ் ஃபோல்டரைக் காலிசெய்து, சர்வீஸை மீண்டும் தொடங்குவேன் என்றேன். ஃபோல்டரையே அழித்துவிடுவதாக ஒரு நண்பர் சொல்லி மாட்டிக்கொண்டார். அழிக்க வேண்டியது உள்ளிருக்கும் கோப்புகளை மட்டுமே.

சோதனைப் பக்கத்தோடு கான்பிகரேஷன் பக்கத்தையும் விடைத்தாளில் இணைத்துவிடுங்கள். என்னுடையதில் 169.254 என்றிருந்த பழைய பக்கத்தையும் சேர்த்தே இணைக்கச் சொன்னார் புறத்தேர்வாளர்.