பீச் காட்டு மரக்காளானுக்குப் பெயர் தேடியபோது

மரத்தில் தட்டுப்போல வளரும் மரக்காளானைக் கண்டால் பலரும் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பெரும்பாலும் ஒன்றும் சொல்ல முடியாது. அடிப்பக்கம் எப்படி, உள்ளே சதை என்ன நிறம், எந்த மரத்தில் இருந்தது என்பதெல்லாம் தெரிந்தால்தான் பேச்சே தொடங்கும்.

நான் பார்த்தது நியூசிலாந்தின் தென் தீவில், நெல்சன் லேக்ஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய செயின்ட் அர்னாட் பக்கத்தில். பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. வெளியே, தெரிந்தவர் ஒருவரின் நிலத்தில் பழைய பீச் (beech) மரக் காடு கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அங்கே முறிந்து நின்ற ஒரு மரத்தின் அடியில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒன்று விழுந்து கிடந்தது. அவரிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொண்டேன்.

முதலில் மரம் எது என்று பார்த்தேன். இந்தக் காட்டில் பட்டையை வைத்துச் சொல்வது சிரமம். பட்டைக்குள் வாழும் செதில்பூச்சி மெல்லிய வெள்ளை இழை ஒன்றை வெளியே நீட்டும். அதன் நுனியில் ஒரு சொட்டுத் தேன்நீர் தொங்கும். தொட்டு நக்கினால் இனிப்பு. அது வழிந்த இடமெல்லாம் கரும்பூசணம் படர்ந்து தண்டே கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அதனால் இலைதான் வழி. தரையில் கிடப்பது பக்கத்து மரத்து இலையாகவும் இருக்கலாம் என்பதால், அதே மரத்தில் உயிரோடிருந்த கிளை ஒன்றைப் பார்த்தேன். விளிம்பில் முரட்டுப் பற்கள். மலைபீச் இலைக்குப் பற்களே கிடையாது. வெள்ளிபீச் இலை இன்னும் சின்னது. ஆக, இது செம்பீச்.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலி ஐரோப்பாவின் பிர்ச் மரக்காளான் பெயரை நீட்டியது. இங்கே பிர்ச் காடு ஏது? இங்குள்ள பீச்சே ஐரோப்பிய பீச் அல்ல, நோதோஃபேகஸ் குடும்பம். ஐரோப்பியக் கையேட்டை மூடி வைத்துவிட்டேன்.

பெரிய மரக்காளான் என்றதும் அடுத்து மனதில் வருவது கானோடெர்மா என்ற பேரினம். தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதன் உறவுக்காரரைத் தெரியும். தஞ்சாவூர் வாடல் நோய் அதன் வேலைதான். ஆனால் தட்டு வடிவில் வளரும் கானோடெர்மாவின் மேல்தோடு கெட்டி, சதை பழுப்பு, வெள்ளையான அடிப்பக்கத்தைக் கீறினால் உடனே பழுப்புக் கோடு விழும். என்னுடையதைக் கத்தியால் அறுத்தால் ரொட்டியை அறுப்பது போல எளிதாக அறுபட்டது. சதை வெள்ளை. நுண்துளைக் குழாய்கள் ஒரே அடுக்கு. பல ஆண்டு வளர்ந்ததற்கான வரிகள் இல்லை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டதில் கறுக்கவும் இல்லை. அந்தச் சொட்டில் கறுக்கும் ஃபெல்லினஸ் என்ற மரக்காளான் கூட்டமும் கழிந்தது.

என் கணக்கில், முடிவைச் சொன்னது காளான் அல்ல, மரம். முறிந்த தண்டின் வைரப்பகுதி விரல் பட்டதும் பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாக உதிர்ந்தது. செல்லுலோஸைத் தின்றுவிட்டு மரத்துக்கு விறைப்பு தரும் லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைக்கும் பழுப்பழுகல் அது. கானோடெர்மா செய்வது லிக்னினையும் தின்னும் வெள்ளையழுகல்.

காளானிலிருந்து உதிரும் வித்துத்தூளின் நிறம் பார்க்க ஸ்போர் அச்சு எடுக்கலாம் என்று கறுப்புத் தாளில் இரவு முழுக்க வைத்தேன். காலையில் தாளில் இருந்தது புழுக்கள். வீட்டுக்குள் கொண்டுவருபவர்கள் மூடியுள்ள டப்பாவில் வைப்பது நல்லது.

இலை, அடிப்பக்கம், வெட்டுமுகம், உதிர்ந்த மரம் என எல்லாப் படங்களையும், உயிரினங்களை அடையாளம் காண உதவும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றினேன். லேட்டிபோரஸ் போர்டென்டோசஸ் என்று பதில் வந்தது. நான் வந்து நின்ற இடமும் அதுதான். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் இதைப் பூட்டவா என்பார்கள். காய்ந்தால் சுடர்விடாமல் கனன்றுகொண்டே இருக்கும் என்பதால், நெருப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்ல அவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள்.

செயலியை நான் திட்டியது கொஞ்சம் அதிகம்தான். ஆங்கிலேயக் காளானியலாளர் பெர்க்லி 1844இல் பாலிபோரஸ் என்று விவரித்த இந்த இனத்தை, 1965இல் நியூசிலாந்தின் கன்னிங்ஹாம் கொண்டுபோய் வைத்தது பிப்டோபோரஸில், அதாவது அந்த ஐரோப்பிய பிர்ச் காளான் அப்போது இருந்த பேரினத்தில்தான். 1995இல் அர்ஜென்டினாவின் ராஜ்சென்பெர்க் லேட்டிபோரஸுக்கு மாற்றினார். ஆகவே பழைய நூல்களைப் புரட்டுபவர்கள் பிப்டோபோரஸ் என்ற பெயரிலும் தேடிப் பாருங்கள்.