தம்பிக்கு ஒரு கத்தி

2024 ஆகஸ்ட் 18, குலசேகரம்

தம்பி ஓணத்துக்கு வருகிறான். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அமெரிக்காவில், பென்சில்வேனியாவில், அக்டோபர் முதல் வாரத்தில் வில் வேட்டைக்கான பருவம் தொடங்குகிறது, அதற்குள் திரும்பிவிட வேண்டுமாம். அங்கே உரிமம் எடுத்து, அரசு வகுத்த நாட்களில், வகுத்த எண்ணிக்கைக்குள் வெள்ளைவால் மானை வேட்டையாடலாம். இந்த முறை கூடாரம் வேண்டாம், இரண்டு மரங்களுக்கு நடுவே தூளி கட்டிப் படுக்கப் போகிறேன் என்றான். "அக்கா, நம் ஆசாரிப் பாட்டாவிடம் சொல்லி ஒரு வெட்டுக்கத்தி அடித்து வை. பத்து அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்."

எதை வெட்டப் போகிறாய் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான்.

ஆகஸ்ட் 20

யோசித்து எழுதி அனுப்பிவிட்டான். கயிறு, விறகு, மேல்விரிப்பை இழுத்துக் கட்ட நாலு முளைக்குச்சி, மான் கிடைத்தால் வயிறு திறந்து தோலுரிப்பது. இவ்வளவுதான்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கயிறுக்கும் முளைக்கும் சட்டைப்பையில் வைக்கிற பிச்சாத்தி போதும். மணிக்கட்டு தடிமனுள்ள காய்ந்த கொம்புக்கு மடக்கு ரம்பம்தான் சரி. நாள் முழுக்க நடந்து களைத்தவன் மங்கிய வெளிச்சத்தில் கோடாலியை ஓங்கக் கூடாது, குறி தப்பினால் முழங்கால். ரம்பம் கையை விட்டுப் பாயாது. மானுக்கு மூன்றரை, நாலு அங்குல அலகுள்ள கத்தி. வெட்டுக்கத்திக்கு அங்கே என்ன வேலை? நம் ஊரில் அது வாழ்கிறது என்றால் தேங்காய் தொலிக்க, கொடியை அறுக்க, வாழைக்கை கழிக்க, முள்வேலி ஒதுக்க என்று நாள் முழுவதும் அதற்கு வேலை இருக்கிறது.

மானுக்குச் சின்னக் கத்தி ஏன் என்று அவனுக்குப் புரிய வைக்க ரப்பர் மரம் சீவுகிற கத்தியைச் சொன்னேன். பால் வெட்டும்போது பட்டைக்கு உள்ளே தண்டை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தோலை விட்டுத்தான் சீவ வேண்டும். அதைத் தாண்டினால் மரத்தில் காயம் விழுந்து, புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அங்கே ஒழுங்காகக் கத்தி ஓடாது. மானின் வயிற்றைத் திறப்பதும் அதே கைவேலைதான். தோலைத் தாண்டி முனை குடலில் பட்டால் இறைச்சி கெடும். நீளமான அலகில் முனை எங்கே நிற்கிறது என்று விரலுக்குத் தெரியாது. பள்ளிக்குப் போவதற்கு முன்னால் அப்பாவோடு பால் வெட்டிய கை அவனுடையது. சொன்னதும் பிடித்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 27

பாட்டாவின் கொல்லப்பட்டறைக்குப் போனேன். லாரி வில்பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து வைத்திருந்தார். துருத்தி போய் மோட்டார் வந்துவிட்டது, அடைகல் மட்டும் பழையது. இரும்பு ஆரஞ்சாகப் பழுத்ததும் இடுக்கியில் பிடித்து அடித்தார். கறுத்த செதில் பொரிந்து உதிர உதிர, உள்ளே அலகு நீண்டு வந்தது. துருப்பிடிக்காத எஃகில் வாங்கினால் துடைக்கிற வேலை குறைவுதான். ஆனால் காட்டில் முனை மழுங்கினால் இதைச் சாதாரணக் கல்லில் பத்துத் தேய்ப்பில் திருப்பிவிடலாம். தம்பிக்குப் பராமரிக்கிற பொறுமை உண்டு என்பதால் இதையே தேர்ந்தேன்.

பிடிக்குப் புளிய மரத்தின் வைரம். பளபளப்பாக மெருகிட வேண்டாம் என்று சொன்னேன். இரத்தமும் கொழுப்பும் பட்ட கையில் வழுக்கும்.

செப்டம்பர் 1

கத்தி வந்தது. காய்ந்த அயினி மரக் கொம்பில் ஒரு சீவு சீவினேன், விளிம்பில் அரிசிக் குறுநொய் அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது. வயிறு கலங்கியது. திருப்பிக் கொண்டுபோனேன்.

பாட்டா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கடுப்பம் கூடிப்போயிற்று மக்களே, என் பிழைதான்" என்றார். சில்லு போகத் தேய்த்து அலகை வெள்ளையாக்கினார். பழுத்த இரும்புத் துண்டு ஒன்றை அடியில் வைத்து, கத்தியின் முதுகை அதன்மேல் கிடத்தினார். இருவரும் பேசவில்லை. வெள்ளை அலகில் முதலில் வைக்கோல் நிறம் முதுகிலிருந்து கிளம்பி மெல்ல விளிம்பை நோக்கி நகர்ந்தது. முதுகு நீலத்துக்குத் திரும்பி, வைக்கோல் நிறம் விளிம்பைத் தொட்ட நொடியில் எண்ணெயில் முக்கினார். முதுகு இளகி வளையும், வாய் மட்டும் கடுப்பமாக நிற்கும். அதே கொம்பில் மறுபடி சீவினேன். சுருள் சுருளாக வந்தது, விளிம்பில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 13

தம்பி வந்துவிட்டான். புதுத் தூளியைக் காட்டினான், சுருட்டினால் ஒரு தேங்காய் அளவு. பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு பக்கம் போய் ஒரு இரவு படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். அது கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம், யானை நடமாடும் இடம். நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்று சொல்வதில் துப்பாக்கியோடு வில்லும் அம்பும் மட்டுமல்ல, கத்தியும் வலையும்கூட உண்டு. எழுத்தில் முன் அனுமதி இல்லாமல் இவற்றோடு சரணாலயத்துக்குள் கால் வைக்கக் கூடாது. விலங்கைத் தொடவில்லை, சும்மா தூங்கத்தான் வந்தோம் என்று அங்கே நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஊர்ப் பிள்ளைகள் சிலர் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு இடுப்பில் கத்தியோடு மலையேறுகிறார்கள். இதைப் படிக்கிறவர்கள் அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் விளையிலேயே, வீட்டுத் தோட்டத்திலேயே, தூளி கட்டுவதாக முடிவாயிற்று.

செப்டம்பர் 14

ரப்பர் மரங்கள் பதினைந்து அடி இடைவெளியில் வரிசையாக நிற்கின்றன, தூளிக்கென்றே நட்டதுபோல. ஆனால் ரப்பர் காற்றில் முறிகிற மரம், தவிரவும் பால் வெட்டும் பட்டையில் கயிறு அழுத்தக் கூடாது. தென்னைக்கு அடியில் யாரும் தூங்க மாட்டார்கள். கடைசியில் ஒரு அயினிக்கும் பலாவுக்கும் நடுவே கட்டினோம். கட்டுவதற்கு முன் அண்ணாந்து பார்த்து, பட்ட கொம்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். சின்ன வயதில் ஓண ஊஞ்சல் போடும்போது அம்மா எங்களைச் செய்ய வைத்ததும் அதுதான்.

மெல்லிய கயிறு பட்டையை அறுக்கும். அகலமான நாடாவைச் சுற்றி அதில் மாட்ட வேண்டும். விறைப்பாக இழுத்துக் கட்டினால் தோள் நெருங்கும், கட்டுக்கும் பாரம் கூடும். நாடா முப்பது பாகை சரிவில் இறங்கினால் போதும். அதில் சற்றுக் கோணலாகப் படுத்தால் முதுகு நேராகிறது.

பத்தரைக்கு மழை வந்தது. மேலே விரிப்பு இருந்தும் மரத்தில் வழிந்த தண்ணீர் நாடா வழியே தூளியை நோக்கி வந்துகொண்டிருந்தது. தம்பி விரிப்புக்கு உட்புறம் நாடாவில் ஒரு சாண் பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிட்டான். டார்ச் அடித்துப் பார்த்தேன். நாடாவில் ஊர்ந்து வந்த நீர் முடிச்சில் தயங்கி, நூல் வழியே இறங்கி, நுனியில் திரண்டு, தரையில் விழுந்தது. முடிச்சுக்கு அந்தப் பக்கம் நாடா உலர்ந்தே இருந்தது.

விடிகாலையில் அடியிலிருந்து குளிர் ஏறியது. உடம்பு அழுத்துகிற இடத்தில் எந்தப் போர்வையும் சூடு காக்காது. அக்டோபரில் அவன் போகும் காட்டில் இரவு உறைநிலையை நெருங்கும். இன்னொரு கத்திக்குச் செலவழிக்கும் முன் தூளிக்கு அடியில் கட்டுகிற மெத்தை வாங்கு என்று சொன்னேன்.

செப்டம்பர் 15

திருவோணம். அடை, பாயசம், பிள்ளைகளுக்கு ஊஞ்சல். வேறு எழுத நேரமில்லை.

செப்டம்பர் 22

கத்தி கைப்பையில் போகாது, சரக்கில் போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். தோல் உறையில் செருகி, அட்டை சுற்றி, துணிகளுக்கு நடுவில் வைத்தேன். அங்கே போய் வாங்க வேண்டியதை அவனே எழுதிக்கொண்டான்: மடக்கு ரம்பம், அடிமெத்தை, மரத்தில் ஏறி உட்காரும்போது உடம்போடு பூட்டுகிற பாதுகாப்புப் பட்டை. அம்பு முனைக்குப் புது அலகும். அம்பு இரத்தம் வடியவைத்துத்தான் மானைச் சாய்க்கிறது, மழுங்கிய முனையோடு எய்தால் அது காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். இதை அவனே சொன்னான். எனக்கு மனம் ஆறியது.

அக்டோபர் 9

இரவு அழைத்தான். இரண்டு மான்கள் வந்தனவாம், இரண்டும் தூரத்தில் நின்றதால் எய்யவில்லை. ரம்பம்தான் அதிகம் உழைத்தது. கத்தியால் ஆப்பிள் நறுக்கினானாம்.

துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசினாயா என்று கேட்டேன். பூசிவிட்டானாம்.