தெரியும் இடத்தில் மீன் இல்லை

பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, பிரம்படி எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். எனக்கு நினைவில் நிற்பது ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிற்பகல். பௌதிகப் பாடம். பாதி வகுப்பு தூங்கிக்கொண்டிருந்தது.

சார் மேசைமேல் ஒரு கிண்ணத்தை வைத்து உள்ளே ஒரு நாணயத்தைப் போட்டார். நாணயம் விளிம்புக்குப் பின்னால் மறையும்வரை எங்களைப் பின்வாங்கச் சொல்லிவிட்டு, தண்ணீரை மெதுவாக ஊற்றினார். நாங்கள் அசையவில்லை. நாணயமும் அசையவில்லை. ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்தது, யாரோ அடியிலிருந்து தூக்கிக் காட்டியதுபோல. பிறகு கரும்பலகையில் ஒரு குளம், ஒரு மீன், ஈட்டியோடு கரையில் ஒரு மனிதன், நீர்மட்டத்தில் முறிகிற ஒரு கோடு. "மீன் தெரியும் இடத்தில் மீன் இல்லை. குத்துகிறவன் அதற்குக் கீழே குறிவைக்க வேண்டும்" என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்போ மீன்கொத்திக்கு இதை யார் சார் சொல்லிக்கொடுத்தது?"

சார் கோபப்படவில்லை. "அது பசிக்குப் படிக்குது. நீ பரீட்சைக்குக்கூடப் படிக்கலை."

அந்தக் குரல் யாருடையது என்று எங்கள் வகுப்பாருக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

25 வருடம் கழித்து, நடுத்தர வயதில், பாறைக்கரையிலிருந்து கடலில் இறங்கி மூச்சை அடக்கி ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடிக்கும் பைத்தியம் எனக்குப் பிடித்தது. கூட வருபவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணன் என்பேன், அவர் தம்பி என்பார். காற்றுக் குடுவை கிடையாது. அதை மாட்டிக்கொண்டு ஈட்டியால் பிடிப்பது பல நாடுகளில் சட்டப்படியே தடை. கண்ணையும் மூக்கையும் மூடும் ஒரு மாஸ்க், மூச்சுவிட ஒரு ஸ்நோர்க்கல் குழாய், காலில் துடுப்புபோல் நீளமான ஃபின்கள், இடுப்பில் ஈயக்கட்டிகள், கையில் ரப்பர் இழுத்து மாட்டும் துப்பாக்கி. அவ்வளவுதான்.

முதல் வருடம் நான் சுட்டதெல்லாம் மீனின் வயிற்றுக்குக் கீழே போனது. ஒன்றல்ல, ஐந்தாறு மீன். அண்ணன் நீருக்குள் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் பாறையில் உட்கார்ந்து ஃபின்களைக் கழற்றும்போது கேட்டார்: "தம்பி, ஏன் எப்பவும் ஒரு சாண் கீழே சுடுறீங்க?"

பெருமையோடு சாரின் பாடத்தைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்க நேரமானது.

"அது கரையில நிக்கிறவனுக்கு. உங்க கண்ணு தண்ணிக்குள்ள, ஈட்டி தண்ணிக்குள்ள, மீனும் தண்ணிக்குள்ள. கோடு எங்கே வளையும்?"

வளைவது மாஸ்க்கின் கண்ணாடியில்தான், வெளியே இருக்கும் தண்ணீருக்கும் உள்ளே இருக்கும் காற்றுக்கும் இடையில். நேர் எதிரே இருப்பது நேர் எதிரேதான் தெரியும். ஈட்டி முனையும் மீனும் ஒரே கண்ணாடி வழியாகத்தான் தெரிகின்றன. மாறுவது திசை இல்லை, தூரம். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. அதனால் 4 மீட்டரில் இருக்கும் மீன் 3 மீட்டரில் இருப்பதுபோல் தோன்றும்; பார்வைக்கு மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் இருக்கும். சார் சொன்னது பொய்யில்லை. தெரியும் இடத்தில் மீன் இல்லைதான். நான்தான் அதைக் கீழே தேடினேன், அது கொஞ்சம் அப்பால் இருந்தது.

அண்ணனின் தீர்வில் கணக்கே இல்லை. "அதோட கண்ணுல கறுப்பு தனியாத் தெரியிற வரைக்கும் விரலை வைக்காதீங்க."

சரி, நான் சொல்ல வந்த மீனுக்கு வருகிறேன்.

இரவு காற்று அடங்கிய ஒரு காலை. கடலில் இறங்குமுன் கால் மணி நேரம் அலைகளை எண்ணிக்கொண்டு நின்றோம். பெரிய அலைகள் கூட்டமாக வரும், போகும், நடுவில் ஓய்வு இருக்கும். அந்த ஓய்வில் குதித்துவிட வேண்டும். துப்பாக்கிக்கு ரப்பர் மாட்டுவது கடலுக்குள் போன பிறகுதான், கரையில் ஒருபோதும் இல்லை. துப்பாக்கியிலிருந்து சுமார் 20 மீட்டர் கயிறு, அதன் முனையில் 11 லிட்டர் மிதவை, மிதவைமேல் படகுக்காரர்கள் கண்ணில் பட ஒரு கொடி.

பாறை முடிந்து மணல் தொடங்கும் இடம், ஆழம் 8 மீட்டர் இருக்கும். நான் அடியில் பாறையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். சின்ன மீன்கள் திடீரென்று ஒரே பக்கமாக ஒதுங்கின. அது வந்தது. பாரை, பெரிய பாரை, ஆங்கிலத்தில் ஜயன்ட் டிரெவலி என்பார்களே, அது. வெள்ளித் தட்டை நிமிர்த்திவைத்ததுபோல் உடம்பு, செங்குத்தான நெற்றி, மோவாய் கொஞ்சம் முன்னால் தள்ளிய கோபக்கார முகம். இந்த இனம் 80 கிலோ வரை வளரக்கூடியது. பாரைக்கு ஒரு குணம்: விரட்டினால் போய்விடும், கண்டுகொள்ளாமல் இருந்தால் யார் என்று பார்க்க வரும். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். அது ஒரு வட்டம் போட்டு அகலவாக்கில் திரும்பியது. கண் தெரிந்தது. கண்ணுக்குள் கறுப்பு தெரிந்தது.

சுட்டேன். செவுளுக்கு ஒரு கை அகலம் பின்னால் பட்டது. அந்தக் கை அகலம்தான் அடுத்த இருபது நிமிடக் கதை. தலையில் பட்டிருந்தால் மீன் அப்படியே கவிழ்ந்திருக்கும், எழுத எதுவும் இருந்திருக்காது.

துப்பாக்கி கையிலிருந்து பறந்தது. விட்டுவிட வேண்டும், அதுதான் முறை; பிடித்துக்கொண்டால் நாமும் போவோம். மேலே வந்து ஒரு மூச்சு இழுத்துத் திரும்பினால் மிதவையைக் காணோம். 11 லிட்டர் மிதவையை முழுக்க அமிழ்த்த 11 கிலோ எடைக்கு மேல் விசை வேண்டும், ஆர்க்கிமிடீஸும் அதே வகுப்புதான். மீனின் உடல் எடை தண்ணீருக்குள் பெரிதாகக் கணக்கில் வராது. அத்தனையும் தசை. கொடி ஆடிக்கொண்டே கீழே போய், கொஞ்சம் தள்ளி மேலே வந்தது, மறுபடி போனது.

மிதவையை எட்டிப்பிடித்து, கயிற்றைக் கையில் சுற்றாமல், உள்ளங்கையால் மட்டும் பிடித்து இழுத்தேன். நான் இரண்டு மீட்டர் எடுத்தால் அது மூன்று மீட்டர் எடுத்தது. பாரை தலையை முன்னால் கொடுத்து இழுக்காது. உடம்பைக் குறுக்காகத் திருப்பிக்கொள்ளும், மொத்த அகலத்தையும் தண்ணீரில் முட்டுக்கொடுத்து நிற்கும். கதவைக் குறுக்குவாட்டில் இழுத்துப் பார்த்தவர்களுக்குப் புரியும். அப்புறம் அது செய்ய வேண்டியதைச் செய்தது. பாறை இடுக்கைப் பார்த்துப் பாய்ந்தது. கயிறு ஒரு நடுக்கத்தோடு நின்றது. இழுத்தால் வரவில்லை, விட்டால் போகவில்லை. பாறையில் சுற்றிக்கொண்டுவிட்டது.

உடனே முங்கத்தான் போனேன். இடுப்பை மடக்கிவிட்டேன். அண்ணன் என் ஃபினைப் பிடித்து இழுத்தார்.

"எங்கே போறீங்க? முதல்ல மூச்சு வாங்குங்க. மீன் போனாப் போகட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அதனால் நுரையீரலில் மீதமிருக்கும் கொஞ்சம் ஆக்சிஜன்கூட அங்கே போதும்போல் இருக்கும். மேலே வர வர அழுத்தம் குறையும், அந்தக் கொஞ்சமும் போதாமல் ஆகும். மூச்சடக்கி முங்குகிறவர்கள் பெரும்பாலும் மயங்குவது அடியில் இல்லை, மேல்மட்டத்துக்கு வரும்போதுதான். ஒருவர் கீழே போனால் ஒருவர் மேலே நின்று பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான். இந்த விளையாட்டில் இதைவிடப் பெரிய விதி எனக்குத் தெரியவில்லை. அன்று அதை மீறப் பார்த்தவன் நான்தான், அதையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணன் முங்கினார். கயிற்றை வந்த வழியே பாறையைச் சுற்றி எடுத்துவிட்டு, அவசரமே இல்லாமல் மேலே வந்தார். "ஈட்டிக் கம்பி வளைஞ்சிருக்கு. ஈட்டி முனையில இருக்கிற முள்ளு உள்ள விரிஞ்சு பிடிச்சிருக்கு. இழுங்க" என்றார்.

இனி இழுத்தது வந்தது. பக்கத்தில் வந்ததும் செவுளுக்குள் கைவிட்டு, கண்ணுக்குச் சற்று மேலே பின்பக்கமாகக் கத்தியை இறக்கினேன். சாவை நீட்டக் கூடாது. மீனுக்கும் நல்லதில்லை, ரத்தமும் துடிப்பும் யார் யாரையோ கூப்பிடும். நடுங்கியது, நிறம் மங்கியது, நின்றது.

கரையேறுவதுதான் மிச்சம். அலைக் கூட்டம் ஒன்று போகும்வரை வெளியே காத்திருந்தோம். பிறகு கடைசி அலையின் முதுகில் ஏறி உள்ளே. அங்கேதான் அவசரத்தில் மீனை வாலடியில் பிடித்தேன். பாரைக்கு வாலடியின் இருபக்கமும் வரிசையாகக் கெட்டித் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கூர். அலை மீனை ஒருமுறை பின்னால் இழுத்தது. உள்ளங்கையில் ரம்பம் வைத்து இழுத்ததுபோல் ஐந்து கீறல். இரண்டு இன்னும் இருக்கின்றன.

பாறைமேல் போட்டதும் அளந்தோம். தண்ணீருக்குள் பார்த்தபோது ஒரு மீட்டருக்கு மேல் என்று சத்தியம் செய்திருப்பேன். மூக்கிலிருந்து வால் கவட்டை வரை 84 செ.மீ. எடை 10 கிலோவுக்குச் சற்று மேல். அண்ணன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இடது கையில் துணி சுற்றியபடி மீனைத் தூக்கிப் பிடித்து ஒரு படம் எடுத்து வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டேன். கீழே "ஒரு மீட்டர்!" என்று எழுதினேன். பழக்கதோஷம்.

வாழ்த்துகள் வந்தன, கைதட்டல் படங்கள் வந்தன. கடைசி பெஞ்சுக்காரன் மட்டும் ஒரு மணி நேரம் கழித்து எழுதினான்:

"மச்சான், இது தண்ணிக்கு உள்ள அளந்ததா, வெளிய அளந்ததா?"