சுனுங் மாதம்: தென் கொரியாவில் ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பு

நவம்பர் 3, 2025, திங்கள்

பல்கலைக்கழக நுழைவுக்கான நாடு தழுவிய சுனுங் தேர்வுக்கு இன்னும் பத்து நாள். உயர்நிலைப் பள்ளி மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இனி பயிற்சித்தாள் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள். வெளிநாட்டு ஆசிரியர் அவர்களை வற்புறுத்திப் பேசவைக்காமல் இருப்பதே நல்லது. ஆங்கிலத்தாளில் 70 நிமிடத்தில் 45 கேள்விகள். அவற்றில் 17, ஒலிபெருக்கியில் கேட்டு விடை குறிப்பவை. பேச்சுத் தேர்வு கிடையாது. வாயைத் திறக்காமலே ஆங்கிலத்தில் முதல் தரம் வாங்கிவிடலாம் என்பது பெரிய குறை. பேச்சுக்கு மதிப்பெண் கிடைக்கும் ஒரே இடம் பள்ளி மதிப்பீடு. அதனால்தான் முதல், இரண்டாம் ஆண்டுக்கான பேச்சு மதிப்பீட்டில் இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

நவம்பர் 5, புதன்

முதலில் நேரக் கணக்கு. வகுப்பில் 25 பேர். பேச இரண்டு நிமிடம், வந்து உட்காரவும் மதிப்பெண் போடவும் ஒரு நிமிடம். மொத்தம் 75 நிமிடம். பாடவேளை 50 நிமிடம்தான். எனவே 13 பேர் ஒரு நாள், 12 பேர் மறுநாள். சிக்கல் இங்கேதான்: முதல் நாள் கேட்ட கேள்வி அன்று மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆறு தலைப்புகளை ஒரு வாரம் முன்பே கொடுத்துவிட்டு, உள்ளே வந்ததும் சீட்டு எடுக்கச் சொன்னால் போதும். மனப்பாடத்தை முறியடிப்பது துணைக்கேள்விதான். தலைப்புக்கு நான்கு துணைக்கேள்விகள், ஒரே கடினத்தில், எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தோன்றுவதைக் கேட்டால் ஒருவருக்கு எளிதாகவும் இன்னொருவருக்குக் கடினமாகவும் போய்விடும்.

‘சரளம்: நன்று’ என்று அளவுகோலில் எழுதினால் தகராறு நிச்சயம். ‘ஐந்து நொடிக்கு மேல் தடங்கல் இரண்டுக்குள்’ என்று எண்ணக்கூடியதாக எழுதுங்கள். தொடங்கும் முன் மாணவர் பேச்சின் மூன்று பழைய ஒலிப்பதிவுகளைக் கொரிய இணை ஆசிரியரோடு கேட்டு, தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிட வேண்டும். ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அளவுகோலின் வரியைத் திருத்த வேண்டும். களைப்பில் கடைசி ஐந்து பேருக்கு மதிப்பெண் போடும்போது நம் கை இறுகும். அவர்களின் பதிவை மறுநாள் காலை மீண்டும் கேட்க வேண்டும்.

அரை மதிப்பெண்ணுக்காக மாணவர் கண்கலங்கி நிற்பதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. பள்ளி மதிப்பீட்டில், பழைய ஒன்பது தர முறையில் இருக்கும் இரண்டாம் ஆண்டில் முதல் தரம் மேலிருந்து 4 விழுக்காட்டினருக்கு மட்டும். இவ்வாண்டு சேர்ந்தவர்களுக்குப் புதிய ஐந்து தர முறை வந்து அது 10 விழுக்காடு ஆகியிருக்கிறது.

நவம்பர் 12, புதன்

தேர்வு மையமாகும் பள்ளியில் இன்று துப்புரவு. அறைக்கு 28 மேசை. ஆடும் மேசைக்காலைச் சரிசெய்ய வேண்டும், இழுப்பறை காலியாக இருக்க வேண்டும், சுவரில் ஓர் எழுத்தும் தெரியக் கூடாது. ஆங்கில அறையில்தான் சுவரொட்டிகள் அதிகம்; இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒலிபெருக்கியைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பார்ப்பது முக்கியம்.

நவம்பர் 13, வியாழன்

இன்று சுனுங். மாணவர்கள் 8:10க்குள் அறையில் இருக்க வேண்டும். முதலில் கொரிய மொழி, பிறகு கணிதம், உணவு இடைவேளை, 13:10க்கு ஆங்கிலம். கேட்டல் பகுதிக்காக 13:05 முதல் 13:40 வரை நாடெங்கும் விமானம் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டலில் தூங்கி வழிவது ஆண்டுதோறும் நடப்பது. கஞ்சி போல் இலகுவாக, முக்கால் வயிறு போதும். கைக்கடிகாரம் முள் உள்ளதாக இருக்க வேண்டும். ஸ்மார்ட் வாட்ச் கையில் இருந்தால் முறைகேடு.

டிசம்பர் 5, வெள்ளி

முடிவு வந்தது. ஆங்கிலத்தில் 90 அல்லது அதற்கு மேல் எடுத்து முதல் தரம் பெற்றவர்கள் 3.11 விழுக்காடு. சென்ற ஆண்டு 6.22. எத்தனை பேர் எடுத்தாலும் 90 என்றால் முதல் தரம் என்று மாற்றியதே சுமையைக் குறைக்கத்தான். இந்தத் தாள் அதைக் கெடுத்துவிட்டது. ஆங்கிலத் தரத்தை நம்பிப் பல்கலைக்கழகம் கேட்கும் குறைந்தபட்சத் தர நிபந்தனையைக் கணக்கிட்டவர்களுக்கு இது பேரிடி. தாழ்வாரத்தில் யாரிடமும் மதிப்பெண் கேட்காதீர்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இன்னும் வகுப்புக்கு வருவார்கள். இலக்கணம் வேண்டாம், தொலைபேசியில் முன்பதிவு, விமான நிலைய உரையாடல் போன்றவை எடுபடும். மற்ற இரு ஆண்டுகளுக்கும் பருவத் தேர்வு நெருங்குகிறது. அதற்கு முன் பேச்சு மதிப்பெண் பட்டியலை ஒவ்வொரு மாணவரிடமும் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். ஆட்சேபம் வந்தால் ஒலிப்பதிவைக் கையோடு எடுக்க வசதியாக, கோப்பின் பெயரில் வகுப்பும் வரிசை எண்ணும் இருக்கட்டும்.