விண்டோஸ், உபுண்டு, மேக்: மூன்றிலும் ஒரு சப்டைட்டில் செயலி

அப்பாவுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. வசனம் கீழே எழுத்தில் ஓடினால்தான் படத்தோடு ஒன்ற முடிகிறது. வீட்டிலிருந்த டிவிடிகளைக் கோப்புகளாக மாற்றி ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தேன். அவற்றுக்கு சப்டைட்டில் தேடி இறக்கித் தர, எலக்ட்ரானில் (ஒரே நிரலை மூன்று வகைக் கணினியிலும் ஓட வைக்கும் கருவி) எழுதப்பட்ட ஒரு திறமூலச் செயலியை எடுத்தேன். அப்பாவின் கணினியில் விண்டோஸ் 11, என் லேப்டாப்பில் உபுண்டு 24.04, அக்கா வீட்டில் மேக்புக். அப்பா எங்கே இருந்தாலும் வேலை நடக்க வேண்டும் என்பதால் மூன்றிலும் நிறுவ வேண்டியிருந்தது.

இதுபோன்ற செயலிகளைப் பெரும்பாலும் யாரோ ஓய்வு நேரத்தில், காசு வாங்காமல் எழுதித் தருகிறார்கள். ஆப்பிளிடம் டெவலப்பராகப் பதிவு செய்யவே ஆண்டுக்கு 99 டாலர் ஆகும். அதனால் பலவற்றில் டிஜிட்டல் கையொப்பம் இருக்காது, கணினியும் சந்தேகப்படும். அதற்காகப் பாதுகாப்பை மொத்தமாக அணைத்துவிடாதீர்கள். அந்த ஒரு செயலிக்கு மட்டும் அனுமதி தர மூன்றிலும் வழி உண்டு. அதற்கு முன், இறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ-256 எண்ணும் (கோப்பின் கைரேகை போன்றது) செயலியின் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள். இதை நான் எப்போதும் விடுவதில்லை.

விண்டோஸில் வேலை சீக்கிரம் முடிந்தது. நீலப் பெட்டி வந்து தடுத்தது; 'மோர் இன்ஃபோ' என்பதை அழுத்தினால்தான் 'ரன் எனிவே' பொத்தானே கண்ணில் படும். செயலி பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அட்மின் பாஸ்வேர்டு கேட்கவில்லை.

உபுண்டுவில்தான் பொறுமை வேண்டியிருந்தது. ஆப்இமேஜ் (செயலி முழுவதும் ஒரே கோப்பாக வருவது) கோப்பை இருமுறை கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்காது. முதலில் ப்ராப்பர்ட்டீஸில் போய், நிரலாக இயங்க அனுமதி தர வேண்டும். அப்புறமும் அசையவில்லை என்றால் டெர்மினலில் இயக்கிப் பாருங்கள். காரணம் அங்கேதான் தெரியும். ஆப்இமேஜைத் திறக்கத் தேவையான ஃபியூஸ் 2 நூலகம் இல்லை என்று எனக்கு வந்தது. 22.04 முதலே உபுண்டு அதைத் தானாக நிறுவுவதில்லை. 24.04-இல் அந்தப் பொதியின் பெயர் 'லிப்ஃபியூஸ்2டி64'. பெயர் ஒத்திருக்கிறதே என்று வெறும் 'ஃபியூஸ்' பொதியைப் போட்டுவிடாதீர்கள். அது ஃபியூஸ் 3-ஐ வெளியே தள்ளும். டெஸ்க்டாப்பின் வேறு பகுதிகளும் அதோடு சேர்ந்து கழன்றுவிடலாம்.

அதை முடித்ததும் சாண்ட்பாக்ஸ் பிழை. சாண்ட்பாக்ஸ் என்பது செயலி கணினியின் மற்ற பகுதிகளைத் தொடாமல் தடுக்கும் வேலி. 24.04-இல் சாதாரணச் செயலிகள் யூசர் நேம்ஸ்பேஸ் (தனக்கென்று பிரித்துக்கொள்ளும் தனி இடம்) உருவாக்குவதை உபுண்டுவின் பாதுகாப்பு அமைப்பான ஆப்ஆர்மர் தடுக்கிறது. எலக்ட்ரானின் சாண்ட்பாக்ஸுக்கோ அது தேவை. சாண்ட்பாக்ஸே வேண்டாம் என்று சொல்லிச் செயலியை இயக்கினால் உடனே திறக்கும், இணையத்தில் பலரும் தரும் யோசனையும் அதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. முன்பின் தெரியாத தளங்களிலிருந்து கோப்பு இறக்கும் செயலிக்குத்தான் அந்த வேலி முக்கியம். அந்தச் செயலிக்கு மட்டும் ஆப்ஆர்மரில் சிறிய ப்ரொஃபைல் (விதிக் கோப்பு) எழுதி அனுமதி கொடுத்தேன், சில வரிகள்தான். நீங்கள் எடுக்கும் செயலிக்கு டெப் கோப்பும் (உபுண்டுவின் வழக்கமான நிறுவல் கோப்பு) இருந்தால் அதையே எடுங்கள். ஃபியூஸ் தொல்லையாவது இருக்காது.

மேக்கில் முதலில் எந்தச் சிப் என்று பார்த்து, இன்டெலா ஆப்பிள் சிலிக்கானா என்பதற்கேற்ற கோப்பை எடுக்க வேண்டும். முன்பெல்லாம் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கிளிக் செய்து 'ஓப்பன்' கொடுத்தால் போதும். 2024-இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயாவில் அந்த வழியை எடுத்துவிட்டார்கள். ஒருமுறை திறக்க முயன்று, அது தடுத்த பிறகு, சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தின் அடியில் 'ஓப்பன் எனிவே' இருக்கும். பாஸ்வேர்டு கேட்கும், கொடுத்தால் சரி.

செயலி திறந்தது, சப்டைட்டிலையும் தேடிக் காட்டியது, ஆனால் ஹார்டு டிஸ்க்கில் சேமிக்கவில்லை. வெளி டிஸ்க்கைத் தொட அனுமதி கேட்டபோது கொடுத்துத்தான் இருந்தோம். பார்த்தால், டிஸ்க் விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தது. அதை மேக் படிக்கும், அதில் எழுதாது. சப்டைட்டில் கோப்பு படத்தின் பக்கத்திலேயே, அதே பெயரில் இருந்தால்தான் படம் ஓட்டும் விஎல்சி மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும். அதனால் எல்லாவற்றையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் என்ற வடிவுக்கு மாற்றினேன். இப்போது மூன்று கணினியும் அதில் எழுதுகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓப்பன்சப்டைட்டில்ஸ் என்ற சப்டைட்டில் தளத்தின் வழியாகத் தேடும் செயலிகள் பல, கோப்பின் அளவையும் அதன் முதல் 64 கிலோபைட், கடைசி 64 கிலோபைட் இரண்டையும் சேர்த்து ஓர் அடையாள எண் கணக்கிட்டு அதை வைத்துத் தேடும். நாமே டிவிடியிலிருந்து மாற்றிய கோப்புக்கு அந்த எண் வேறு யாருடையதோடும் பொருந்தாது. படத்தின் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடினால்தான் கிடைக்கும். அப்படிக் கிடைக்கும் சப்டைட்டில் சில நேரம் படம் ஓட ஓட வசனத்திலிருந்து விலகும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பிரதிக்குச் செய்ததை 23.976 ஃபிரேம் பிரதியோடு ஓட்டினால், இரண்டு மணி நேரப் படத்தின் முடிவில் ஏறக்குறைய ஐந்து நிமிடம் முந்திவிடும். விஎல்சியில் ஜி, எச் விசைகளால் தள்ளிப் பார்த்தால் அந்த இடத்துக்கு மட்டும்தான் சரியாகும். விண்டோஸில் சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் திறந்து ஃபிரேம் ரேட்டை மாற்றிவிடுங்கள். சேமிக்கும்போது எழுத்துக் குறியீட்டை யூடிஎஃப்-8 என்றே கொடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் வந்து நிற்கும்.