முன்பக்கம் திறக்கிற யோக்

மே 3, சனி

பி.பி. 144/92. வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு இது ஜாஸ்தியாம். இனிமே இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கணுமாம். பாத்ரூம், சாப்பாடு, மறுபடி கட்டில். போன வாரம் வரைக்கும் பஸ் பிடிச்சு ஆபீஸ் போன ஆளை இப்படி மடக்கிப் போட்டாச்சு.

அம்மா பீரோ மேல இருந்த தகரப் பெட்டியை இறக்கிக் கொடுத்தாங்க. "கை சும்மா இருந்தா மனசு கண்டதையும் நினைக்கும்." உள்ளே முனையில கொக்கி வச்ச ரெண்டு குரோஷா ஊசி, மஞ்சளாப் போன நூல்கண்டு, டப்பா நிறைய பட்டன். அடியில டிஷ்யூ பேப்பர்ல சுத்தி ஆயாவோட, அதான் எங்க பாட்டியோட, பழைய யோக். உடுப்புல கழுத்தும் தோளும் சேர்ந்த மேல்பாகம், குரோஷாவுல போட்டது.

மே 4

கத்திரி இன்னிக்கு ஆரம்பமாம். வேலூருக்கு இதைத் தனியா வேற சொல்லணுமா?

மே 5, திங்கள்

யோக்கை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். சதுரக் கழுத்து. துணி எப்பவோ நைஞ்சு போச்சு, யோக்கை மட்டும் வெட்டி எடுத்து வச்சிருக்காங்க. முழுக்கக் கட்டம் கட்டமா வலை. நடுவுல சில கட்டங்களை நிரப்பி ரெண்டு அன்னம் எதிரும் புதிருமா. ட்ரெபிள்னா நிமிர்ந்து நிக்கிற கால், செயின்னா சங்கிலிக் கண்ணி. ஒரு ட்ரெபிள், ரெண்டு செயின், அடுத்த ட்ரெபிள், அது ஒரு வெறுங்கட்டம். அந்த ரெண்டு செயினுக்குப் பதிலா ரெண்டு ட்ரெபிள் போட்டா மூடின கட்டம். வித்தை மொத்தமும் இதுதான். கணக்கு நோட்டுல கட்டத்தைக் கறுப்பாக்கி வரையத் தெரிஞ்சா அன்னம் என்ன, ஆனையே போடலாம்.

ஆயா ராணிப்பேட்டை மிஷன் ஹாஸ்டல்ல படிக்கிறப்போ பெட்டிகோட்டுக்குப் போட்டதாம். "மிஸ்ஸியம்மா ஸ்கேல் வச்சு அளப்பாங்க. கட்டம் சதுரமா இல்லேன்னா மூஞ்சிக்கு எதுக்கவே உருவிப் போட்டுடுவாங்க." ஒரு மூலையில பழுப்பா ஒரு புள்ளி. கஞ்சி போட்டுக் குத்தி வச்ச குண்டூசியோட துரு. இத்தனை வருஷமா எந்தச் சோப்புக்கும் அது போகலை.

அழகுதான். ஆனா இது தலை வழியாப் போடுறது. எனக்கு வேண்டியது நைட்டிக்கு. பால் கொடுக்க முன்பக்கம் திறக்கணும். கடையில ஜிப் வச்ச ஃபீடிங் நைட்டி வரிசையாத் தொங்குது, தெரியும். ஜிப் வேண்டாம். குழந்தை கன்னத்துல படும்.

மே 6, செவ்வாய்

ராத்திரி போன்ல அவர், "லாங்கு பஜார்ல நெக் பீஸ் ரெடிமேடாவே கிடைக்குமே, நீ ஏன் கஷ்டப்படுற?" நெக் பீஸ் எப்படி வருதுன்னு தெரியுமான்னு கேட்டேன். மெஷின்ல ஒரு துணி மேல எம்பிராய்டரி போடுவாங்க, அப்புறம் அந்தத் துணியைக் கரைச்சுடுவாங்க, நூல் மட்டும் லேஸ் மாதிரி நிக்கும். அதனாலதான் அதுக்குப் பேரே கெமிக்கல் லேஸ். குரோஷா அப்படி வராது. கையால போட்டாதான் உண்டு, கடைக்குச் சரக்கு போடுற மாதிரி மெஷின் அதுக்கு இல்லை. ஓசூர்ல மெஷின் டிசைன் பண்றவருக்கு இது தாங்கலை. "ஏன் முடியாது?"ன்னு அரை மணி நேரம். எனக்கு நல்லாப் பொழுது போச்சு.

மே 7

நைனா நூல் வாங்கப் போனார். இருபதாம் நம்பர், அரை வெள்ளை, லேபிள்ல லாட் நம்பர் எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கணும்னு எழுதிக் கொடுத்தேன். வந்ததுல ஒரு கண்டு வேற லாட். கடைக்காரர், "வெள்ளைன்னா வெள்ளைதானே சார்"னாராம். டியூப்லைட்ல தெரியாது. வெயில்ல வச்சா ஒண்ணு பால், இன்னொண்ணு மோர். அந்த வெயில்ல நைனாவை மறுபடி அனுப்ப மனசு வரலை. அந்தக் கண்டைப் பட்டனுக்கு வச்சுக்கலாம்.

மே 8, வியாழன்

எந்த அளவுக்குப் போடுறது? ரெண்டு நாளா இதே யோசனை. போன மாசத்து ஜாக்கெட் இப்ப ஏறலை. பிரசவம் ஆனதும் எவ்வளவு இறங்கும், பால் வந்தா எவ்வளவு ஏறும், யாருக்குத் தெரியும்? டெய்லர் அக்கா படுக்கை பக்கத்துல வந்து உட்கார்ந்து டேப்பைப் போட்டாங்க. மார்பை அளக்கவே இல்லை. ஒரு தோள்பட்டையிலிருந்து இன்னொண்ணு வரைக்கும் வச்சு, "பதினாலு. இது மாறாது, எலும்பு. யோக்கு மார்புக்கு மேலயே முடிஞ்சுடுது. உடம்பு ஏறுறதும் இறங்குறதும் கீழே சுருக்குல அடங்கிடும்"னாங்க.

இதைக் கேட்டதும் ஏதோ ஒரு பாரம் இறங்கின மாதிரி. என் உடம்புலயும் மாறாத அளவுன்னு ஒண்ணு இருக்கு.

ஒரு சின்னத் துண்டு போட்டுப் பார்த்தேன். அங்குலத்துக்கு நாலு கட்டம். அப்போ பதினாலுக்கு 56 கட்டம். பின்பக்கத்துலேருந்து ஆரம்பம். முதல் வரிசை முழுக்க மூடின கட்டம், விளிம்பு கெட்டியா நிக்கணும். கட்டத்துக்கு மூணு, கடைசிக் காலுக்கு ஒண்ணு, திரும்ப ரெண்டு, ஆக 171 செயின். ஊசியிலேருந்து நாலாவது செயின்ல முதல் ட்ரெபிள். ஆயா அங்கேருந்தே, "செயினை மட்டும் ஒரு நம்பர் பெரிய ஊசியில போடு. இல்லேன்னா விளிம்பு இழுத்துக்கினு பையாட்டம் ஆயிடும்." கண்ணு சரியாத் தெரியாது, என் கை இறுக்கம் மட்டும் எப்படித் தெரியுதோ.

மே 9

நேத்து ராத்திரி குழந்தை அசைவு எண்ணினேன். பத்து வர ரொம்ப நேரம் ஆச்சு. அம்மாகிட்ட சொல்லலை. காலையில சொன்னேன். திட்டினாங்க.

மே 10

பி.பி. 138/88. உப்பில்லாத ரசம்.

மே 12, திங்கள். சித்ரா பௌர்ணமி

பின்பக்கம் முடிஞ்சது. பன்னண்டு வரிசை, அதாவது மூணு அங்குலம்.

இன்னிக்கு ராத்திரி புஷ்பப் பல்லக்கு. வேலூர்ல பிறந்து வளர்ந்து பல்லக்கு பார்க்காத சித்ரா பௌர்ணமி எனக்கு ஞாபகத்துல இல்லை. சின்ன வயசுல நைனா தோள்ல தூங்கிக்கிட்டே பார்த்திருக்கேன். ஒவ்வொரு கோயில் பல்லக்கும் வரிசையா வரும், எது உசத்தின்னு சண்டை போடுவோம். இந்த வருஷம் கட்டில்ல படுத்து மேளத்தை மட்டும் கேட்கிறேன். நைனா கூட்டத்துல நின்னு வீடியோ கால் போட்டார். திரையில பல்லக்கை விட முன்னாடி நிக்கிறவங்க பின்மண்டைதான் அதிகம். கோபமா வந்துச்சு. யார் மேலன்னு தெரியலை. போனைக் கவுத்து வச்சுட்டுத் தோள்பட்டை ஆரம்பிச்சேன்.

மே 13, செவ்வாய்

மோதிரம் கழலலை. சோப்பு, தேங்காய் எண்ணெய், கடைசியில நூலைச் சுத்திச் சுத்தி இழுத்து எடுத்தாங்க. விரலெல்லாம் உப்பி, ஊசி பிடிச்ச இடத்துல பள்ளம் விழுந்து அப்படியே நிக்குது. ஸ்டீல் ஊசி குச்சி கனம்கூட இல்லை. அம்மா அதுல பேண்டேஜ் துணியைச் சுத்திக் கொடுத்தாங்க. பரவாயில்லை. ஆனா நாலு வரிசைக்கு மேல முடியலை.

இடது முன்பக்கம் அம்மா போடுறதா முடிவு.

மே 14

தோள்பட்டை ஒவ்வொண்ணும் 12 கட்டம் அகலம், ஆறரை அங்குல நீளம், 26 வரிசை. அதுக்கப்புறம்தான் வம்பு. முன்பக்கம் வந்ததும் கழுத்து நடுவை நோக்கி 16 கட்டம் கூட்டணும், அப்பதான் ஒரு பாதிக்கு 28 வரும். வரிசை ஆரம்பத்துல கூட்டுறது சுலபம், செயினை நீட்டிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வரிசை முடிவுல கூட்டணும்னா தனியா ஒரு செயின் போட்டு ஒட்டணும், ஒட்டு தெரியும். ரெண்டு பாதியும் கண்ணாடி பிம்பம், அதனால ஒண்ணுக்கு ஆரம்பத்துல வந்தா இன்னொண்ணுக்கு முடிவுல வரும்.

அம்மா ஒரு நிமிஷம் பார்த்துட்டு ரெண்டாவது பட்டையைத் திருப்பிப் போட்டு, நூலை எதிர் ஓரத்துல சேர்த்தாங்க. இந்தப் பின்னலுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் பெருசா வித்தியாசம் இல்லையே. ரெண்டுக்கும் ஆரம்பத்துலயே வந்துடுச்சு. எட்டாவதோட படிப்பை நிறுத்தின அம்மா. எனக்கு எம்.எஸ்ஸி. மேத்ஸ்.

மே 15, வியாழன். வைகாசி 1

குடியாத்தத்துல இன்னிக்கு கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அத்தை விடியக்காலையிலேயே போன். பின்னாடி கூட்டமும் தேங்காய் உடைக்கிற சத்தமும். "உன் பேருக்கும் ஒரு தேங்காய் சூறை விட்டாச்சு. குங்குமம் அவன்கிட்ட கொடுத்தனுப்புறேன்." அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாங்க. "இன்னாமோ தைக்கிறியாமே? புள்ளை பொறக்கறதுக்கு முன்ன துணிமணி தைக்கக் கூடாதும்மா."

இது குழந்தைக்கு இல்லை அத்தை, எனக்குன்னு சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. அம்மா போனை வாங்கி, "தைக்கிறதே இல்லைங்க அண்ணி, ஊசியே கிடையாது. கொக்கிதான்"னாங்க. அத்தை சிரிச்சுட்டாங்க. நானும் சிரிச்சேன். போனை வச்சதும் அம்மா ஊசியைப் பெட்டியில போட்டு மூடிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் எடுக்கலை. நானும் கேட்கலை.

மே 16

பட்டன். பிளாஸ்டிக் வேண்டாம். சிப்பி பட்டன் ஓரம் கூர். பிரஸ் பட்டன் சட்டுனு திறந்துக்கும்.

மே 17, சனி

அவர் வந்திருக்கார். வழியில ஆம்பூர்ல இறங்கி பிரியாணி வாங்கிட்டு வந்துட்டார், எனக்கில்லையாம், வீட்டுக்காம். வாசனை மட்டும் எனக்கு. கத்திரிக்காய் தொக்குல ஒரு விரல் தொட்டு நக்கினேன். யாரும் பார்க்கலை. ஆயா பார்த்துச்சு.

ரெண்டு முன்பாதியும் முடிஞ்சது. பக்கத்துல பக்கத்துல விரிச்சோம். அம்மாவோட அன்னம் குள்ளம், என்னோடது கழுத்து நீட்டிக்கிட்டு. ஒரே படம், ஒரே நூல், ஒரே நம்பர் ஊசி. அம்மா ட்ரெபிளைக் கீழே இழுத்து அழுத்துவாங்க, நான் படுத்துக்கிட்டு மேலே இழுக்கிறேன். பன்னண்டு வரிசைக்கு அரை அங்குலம் வித்தியாசம். நடுவுல பட்டன் போடுற இடத்துல கண்டிப்பா தெரியும். அம்மா தன்னோடதை உருவிடுறேன்னாங்க. வேண்டாம், நான் என்னோடதைன்னேன்.

ஆயா ரெண்டையும் தடவிப் பார்த்துச்சு. "எதுக்குடி உருவறீங்க? ஒண்ணு ஆணு, ஒண்ணு பொண்ணு."

அவர் ஸ்கேலை எடுத்து வந்து அளந்து, ஈரத்துல இழுத்துக் கட்டினா சரியாயிடும்னார். இந்த ஒரு தடவை மெஷின்காரர் சொல்றது சரி.

மே 18

அவர் கிளம்பிட்டார். அழுதேன். எதுக்குன்னு தெரியாம ஒரு மணி நேரம்.

மே 19, திங்கள்

பட்டனுக்கு வழி கிடைச்சது. ஆயா யோசனை. அந்த வேற லாட் நூல்லயே சின்ன உருண்டையாப் போட்டு, உள்ளே நூல் துண்டை அடைச்சு, வாயைச் சுருக்கி முடிச்சு. கடிச்சாலும் மெத்துனு இருக்கும். எதிர்ப்பக்கம் விளிம்புல செயின் லூப். நிறம் லேசா மாறுறது இப்ப வேணும்னே பண்ணின மாதிரி இருக்கு. அஞ்சு வேணும். மூணு ஆச்சு.

மே 20

கஞ்சி. சோறு வடிச்ச கஞ்சியில தண்ணி விட்டு நீர்க்கப் பண்ணி, யோக்கை முக்கிப் பிழியாம ஒத்தி எடுத்து, பழைய போர்வை மேல விரிச்சாங்க. என் கட்டில் பக்கத்துலயே, நான் மேற்பார்வை. குண்டூசி வேண்டவே வேண்டாம்னு ஆயா. நைனா பாலாத்துப் பக்கம் போய் வேலிக்காத்தான் முள் ஒரு கை கொண்டுவந்துட்டார். "துருவே ஏறாது பாரு." ஆறு முழுக்கத் தண்ணிக்குப் பதிலா அதானே நிக்குது. ஒவ்வொரு மூலையா இழுத்து, கட்டம் சதுரமாகுற வரைக்கும் குத்தினோம். அம்மாவோட அன்னம் கொஞ்சம் எழும்பிச்சு, என்னோடது கொஞ்சம் அடங்கிச்சு. சமமா? இல்லை. இன்னும் ஒரு நூலிழை வித்தியாசம் இருக்கு, எனக்குத் தெரியும்.

இந்த வெயிலுக்கு அரை மணியில மொடமொடன்னு காஞ்சுடுச்சு.

மே 21, புதன்

பி.பி. 152/98. யூரின்ல புரோட்டீன். தலைவலி இருக்கா, கண்ணு மங்குதான்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. இல்லைன்னேன். இருந்த தலைவலி பிரியாணி வாசனையில வந்ததுன்னு நானே நினைச்சுக்கிட்டிருந்தேன், அப்புறம் அதையும் சொல்லிட்டேன். நாளைக்கு அட்மிஷன். வெள்ளிக்கிழமையோட 37 வாரம் முடியுது, அதுக்கு மேல காத்திருக்க வேண்டாம்னு டாக்டர்.

அசைவு நல்லா இருக்கு. இப்ப எழுதும்போதும்.

மே 22, வியாழன்

ஆட்டோ எட்டு மணிக்கு. ஃபைல், பழைய புடவைத் துண்டு, பிளாஸ்க், அத்தை கொடுத்த குங்குமம், எல்லாம் எடுத்தாச்சு. யோக் இன்னும் துணியில ஏறலை. டெய்லர் அக்கா துணியை ராத்திரியே தண்ணியில ஊறப் போட்டாங்களான்னு அம்மா கேட்கணும், இல்லேன்னா முதல் சலவையில துணி சுருங்கி யோக்கைச் சேர்த்து இழுத்துடும். முன்பக்கம் சுருக்கு அதிகமா, பின்பக்கம் கம்மியா. மெஷின்ல அடிக்க வேண்டாம், விளிம்பை மடிச்சு பிளாங்கெட் தையல் போட்டு வச்சா போதும், நான் வந்து கொக்கியில கோர்த்துக்கிறேன்.

பட்டன் ரெண்டு பாக்கி. நூலும் ஊசியும் பைக்குள்ள வச்சிருக்கேன், வார்டுல விடுவாங்களான்னு