கழுத்துக் குழாயோடு காய்ச்சல் வந்தால்

டயாலிசிஸுக்காகக் கழுத்தில் பெர்ம்கேத் (பெரிய சிரைக்குள் பல மாதம் இருக்கிற குழாய்) போட்டவர்களைக் கவனிக்கிற வேலை எங்களுடையது. குழாய் போட்ட அன்றைக்குக் கசியும் ரத்தத்துக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆளைச் சாய்ப்பது மாதக்கணக்கில் கழித்து வருகிற தொல்லைகள்தான்.

மெஷினில் ஏற்றி அரைமணி, ஒருமணி நேரத்தில் உடம்பைத் தூக்கிப்போடுகிற குளிர்நடுக்கம் வந்தால், வேறு காரணம் தெரியும்வரை குழாயில் கிருமி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குழாய் வெளியே வருகிற துவாரத்தில் சீழோ சிவப்போ இல்லையே என்று ஏமாறக் கூடாது. கிருமி குழாயின் உட்சுவரில் படலமாக ஒட்டியிருக்கும். ரத்தம் ஓட ஓட உடம்புக்குள் இறங்கும். அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் பக்கமிருந்து வருகிறவர்கள் நடுக்கம் கண்டதும் ஊரிலேயே ஓர் ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் பாளையங்கோட்டைக்கு வருகிறார்கள். அதற்குள் காய்ச்சல் தணிந்திருக்கும், கல்ச்சரில் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை) ஒன்றும் வளராது, எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்பதும் தெரியாமல் போகும். தயவுசெய்து ஆன்டிபயாட்டிக் ஏறுமுன் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்: குழாயிலிருந்து ஒரு செட், புறங்கை நரம்பிலிருந்து ஒரு செட். முழங்கை நரம்பைத் தொட விடாதீர்கள், டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைக்கிற ஃபிஸ்டுலாவுக்கு அது வேண்டும். குழாய் ரத்தத்தில் 2 மணி நேரமாவது முந்திக் கிருமி வளர்ந்தால் ஊற்றுக்கண் குழாய்தான். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்கிற பாக்டீரியா என்று வந்தால் குழாயை எடுத்தே ஆக வேண்டும். மருந்தும் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஓடும். இதய வால்வைப் பார்க்க எக்கோ எடுப்பார்கள். காய்ச்சல் விட்டபின் முதுகுவலி கிளம்பினால் மறைக்காமல் சொல்லுங்கள், கிருமி முதுகெலும்பில் தங்கியிருக்கலாம்.

மெஷினில் ஓடும்போது குழாய் வழி ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 300 மில்லிக்குக் கீழே இறங்கினால் உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், அல்லது நுனியைச் சுற்றி ஃபைப்ரின் (ரத்தம் உறையும்போது உண்டாகும் நார்ப்புரதம்) உறை வளர்ந்திருக்கலாம். சிவப்பு, நீல லைன்களை மாற்றிப் பூட்டி ஓட்டுவது அன்றைய பாட்டுக்குத்தான் உதவும். டயாலிசிஸ் முடிந்ததும் ரத்தம் உறையாதிருக்கக் குழாய்க்குள் நிரப்பி வைக்கிற ஹெப்பரின் லாக்கின் அளவு குழாயிலேயே அச்சடித்திருக்கும். கூடினால் மிச்சம் உடம்புக்குள் போய் ரத்தக்கசிவு உண்டாக்கும், குறைந்தால் நுனியில் உறையும்.

குழாய் இருக்கிற பக்கத்துக் கை வீங்கினாலோ, நெஞ்சில் நரம்பு புடைத்துத் தெரிந்தாலோ பெரிய சிரை சுருங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். காரை எலும்புக்கடியில் போட்ட குழாய்களில் இது அதிகம். அதனால்தான் வலது கழுத்தை முதலில் தேடுகிறார்கள்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் முழுக்கு, சீசனுக்குக் குற்றால அருவி இரண்டும் குழாய் இருக்கும்வரை வேண்டாம். கட்டு நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும். தோலுக்குள் இருக்க வேண்டிய கஃப் (குழாயைப் பிடித்து வைக்கிற துணிப்பட்டை) வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாமல், அசையாதபடி பிளாஸ்டர் ஒட்டி, உடனே கிளம்பி வாருங்கள்.